இப்ப என்ன கலருப்பா?

ஏனுங்ணா, அந்த நோட்டீஸை இத்தனை பத்திரமா மடிச்சுப் பையில வெக்கறீங்களே, வீடு வாங்கற யோசனையா? பக்கத்துல உக்காந்தவன் எட்டிப் பாக்கறான்னு தப்பா நெனைக்காதீங்க. உக்கடத்துல பஸ்ஸு ஏறும்போது எனக்கும்தான் ஒன்னு நீட்டுனாங்க. நான் வாங்கல. கையை ஒரு உதறு உதறுனேன், அந்தாளு பயந்து பின்னாடி போயிட்டாரு. 'பசுமை வீடுகள்'. எலைப் படம் போட்டிருக்குதுங்களா? போட்டிருப்பான். எலை இல்லாம நோட்டீஸே அடிக்க மாட்டானுங்க.

நான் அந்த மாதிரி வீட்டுலதானுங்க இருக்கறேன். முப்பத்தோரு நாளா இருக்கறேன். குடியிருக்கறேன்னு சொல்றதா, காவல் காக்கறேன்னு சொல்றதான்னு தெரியல. பொள்ளாச்சி வரைக்குங்களா? நானும் அங்கதான். அப்பச் சொல்றேன், கேட்டுப்போட்டு அந்த நோட்டீஸை என்ன பண்றதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க.

என்ற பேரு பூபதிங்க. கணபதி ஏரியாவுல மோட்டார் பம்பு ஸ்பேர்ஸ் கடை வெச்சிருக்கறேன். மேல வீடு, கீழ கடை. சுத்தியும் பட்டறைங்க. காலையில ஜன்னல் கட்டையைத் தொடைச்சா மத்தியானம் வெரல்ல பேரு எழுதலாம், அத்தனை தூசி. எனக்கு ஒன்னும் பண்ணல, நான் அதுலயே பொறந்து வளந்தவன். பொண்ணுக்குத்தான் ஆவல. ஒரே பொண்ணுங்க, சம்யுக்தா, ஏழு வயசு. ரெண்டு வயசுல ஆரம்பிச்ச வீசிங். மாசத்துல நாலு நாளு அந்த ஆவி புடிக்கற மெஷினை மூஞ்சியில வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. உக்காந்துக்கிட்டே என்னைப் பாத்து கண்ணடிப்பா, நான் வெசனப்படறேன்னு. வெவரமான புள்ளைங்க.

டாக்டர் சொல்லிப்போட்டாரு, மருந்தை மாத்தி மாத்திக் குடுக்கறதுல பிரயோசனமில்ல, வீட்டை மாத்துங்கன்னு. அப்ப இருந்து என்ற பொண்டாட்டி கோகிலா தேட ஆரம்பிச்சா. கண்டுபுடிச்சதும் அவதான். சரவணம்பட்டியத் தாண்டி புதுசாக் கட்டுன அபார்ட்மெண்ட்டு. நெடியில்லாத பெயிண்ட்டு, காத்துப் புகாத ரெட்டைக் கண்ணாடி ஜன்னல், வெளிக்காத்தை வடிகட்டி உள்ள விடற மெஷினு, கேஸ் கெடையாது, கரண்ட்டு அடுப்புத்தான். அதே ஏரியாவுல அதே அளவு சாதா வீட்டை விட பதினாலு லட்சம் சாஸ்திங்ணா. பதினாலு! நான் ஒத்துக்கல மொதல்ல. கோகிலா ஒத்தை வார்த்தைதான் கேட்டா. "நம்ம புள்ளை ராத்திரி இருமாம முழுசாத் தூங்கி எத்தனை நாளாச்சு, சொல்லுங்க?" அடுத்த ஞாயித்துக்கெழமை போய்ப் பாத்தோம்.

அங்க ஆபீசுல மெர்லின்னு ஒரு புள்ளை. நல்ல மரியாதையான புள்ளைதான், குத்தஞ் சொல்ல முடியாது. ஒரு ஃபாரம் குடுத்துச்சு. பச்சை வீடு எதுக்காக வாங்கறீங்கன்னு ஒரு கேள்வி. கரண்ட்டு பில்லு கொறையறதுக்கா, சுற்றுச்சூழலுக்கா, பிற்பாடு நல்ல வெலைக்கு விக்கறதுக்கா, குடும்ப ஆரோக்கியத்துக்கான்னு கட்டம் கட்டமாப் போட்டிருந்துச்சு. நான் ஆரோக்கியத்துல டிக் அடிச்சு, பக்கத்துல 'பெண் குழந்தை, வீசிங்'னு கொட்டை எழுத்துல எழுதிக் குடுத்தேன். வேற எதுக்குங்க வாங்கறேன்? புள்ளைக்குத்தான். இந்த வார்த்தையை நான் எங்க வேணாலும் வந்து சொல்லுவேன்.

அப்பறம் ஒன்னு கேட்டேன் அந்தப் புள்ளைகிட்ட. வாசல் கேட்டுல பித்தளையில ஒரு எலைத் தகடு அடிச்சிருந்தாங்க, இது பசுமைக் கட்டடம்னு. "இதே மாதிரி ஒவ்வொரு வீட்டுக் கதவுலயும் வெப்பீங்களா?"ன்னேன். இல்ல சார், மொத்தக் கட்டடத்துக்கும் ஒன்னுதான்னுச்சு. நானே பண்ணிக்கிட்டேன், நம்ம பட்டறையில சொல்லி. ஒரு அடிக்கு ஒரு அடி. எதுக்குன்னு கேக்கறீங்களா? சும்மா, ஒரு அழகுக்குங்க.

அழகுக்குன்னா... என்ற சகலை சம்பத்துன்னு ஒருத்தரு இருக்கறாரு. கோகிலாவோட அக்கா வூட்டுக்காரரு. வடவள்ளியில வில்லா வாங்குனாரு, நீச்சல் குளத்தோட. அதுல ஒரு நாளும் ஒருத்தரும் நீந்தல, அது வேற. ஒவ்வொரு விசேசத்துலயும் "என்ன பூபதி, இன்னும் பட்டறைத் தூசியிலதானா?"ம்பாரு. ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் சிரிக்கும். நானும் சிரிப்பேன். பத்து வருசமாச் சிரிச்சிருக்கறேன்ணா, தாடையே வலிக்கும்.

அதுக்காக நான் வாங்கல. புள்ளைக்குத்தான் வாங்குனேன். சரிங்களா.

ஹால் செவத்துல ஒரு மீட்டர் மாட்டிக் குடுத்தாங்க. உள்ளங்கை அகலந்தான். உள்ள இருக்கற காத்து எப்படி இருக்குதுன்னு காட்டும். நல்லா இருந்தாப் பச்சை, சுமாரா இருந்தா மஞ்சள், மோசமா இருந்தாச் செவப்பு. அவ்வளவுதான். சம்யுவுக்கு அது மேல உசுரு. அலமாரி வேலை நடக்கறப்ப ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை கூட்டிட்டுப் போவோம். உள்ள நொழைஞ்சதும் ஓடிப்போய் ஸ்டூல் மேல ஏறிப் பாப்பா. "அப்பா, பச்சை! அப்பா, இன்னும் பச்சை!" மரம் அறுக்கறவங்களைப் பாத்து, "அண்ணா, மஞ்சள் ஆயிருச்சு, வெளிய போய் அறுங்க"ம்பா. அவங்களும் சிரிச்சுக்கிட்டே போயிருவாங்க. அந்த வீட்டுக்குள்ள ஓடுவா பாருங்க, இந்த ரூமுக்கும் அந்த ரூமுக்கும், ஒரு இருமல் கெடையாது. நானும் கோகிலாவும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்குவோம். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சுங்ணா, ஒளிக்கறதுக்கு என்ன இருக்குது.

சித்திரை கடைசி முகூர்த்தத்துல பால் காய்ச்சறதுன்னு முடிவு பண்ணுனோம். எரநூறு பேருக்குப் பத்திரிகை. பத்திரிகையிலயும் எலை போட்டேன்.

நாலு நாளைக்கு முன்னாடி அந்த மெர்லின் போன் பண்ணுது. "சார், ஹோமம் வீட்டுக்குள்ள பண்ண வேண்டாம். ஜன்னல் எல்லாம் இறுக்கமா மூடறது, புகை வெளிய போகாது. மொட்டை மாடியில பந்தல் நாங்களே போட்டுத் தர்றோம். பாப்பாவுக்கு வீசிங்னு வேற ஃபாரத்துல எழுதியிருந்தீங்க." எப்படி இருக்குது பாருங்க! என்ற வீட்டுல நான் சாமி கும்பிடறதுக்கு இவங்க எடம் காட்டறாங்களாம். மொட்டை மாடியில ஹோமம் பண்ணுனா வர்றவிய மொட்டை மாடிக்கு வந்து, டிபன் சாப்புட்டு, மொய் வெச்சுட்டு எறங்கிப் போயிருவாங்க. வீட்டை யாருங்க பாப்பாங்க? ரெட்டைக் கண்ணாடி ஜன்னலை யாரு பாப்பாங்க? "அதெல்லாம் நான் பாத்துக்கறேன்மா"ன்னு வெச்சுட்டேன். கோகிலாவும் சொன்னா, மாடியிலயே வெச்சுக்கலாம்ங்கன்னு. "கிரகப்பிரவேசம் வீட்டுக்கா, மொட்டை மாடிக்கா?"ன்னேன். வாயை மூடிக்கிட்டா.

மாட்டையும் லிப்டுல ஏத்த உடமாட்டேன்னுட்டாங்க. கன்னுக்குட்டியை மட்டும் தூக்கிட்டு நாலு மாடி ஏறுனோம். அதுவே ஒரு கொறைதான்.

மேல் கூரையில புகை மணி ஒன்னு இருந்துச்சு. புகை வந்தாக் கத்துமாம். நாமதான் வெவரமாச்சே, முந்துன நாளு கடையில வேலை பாக்கற ஃபிட்டரைக் கூட்டிட்டுப் போய் அதுக்குப் பாலிதீன் பை மாட்டி ரப்பர் பேண்டு போட்டுட்டேன். ஹோமத்துக்கு நடுவுல கத்துச்சுன்னா அபசகுனம் பாருங்க. விடிகாலையில அக்கினி மூட்டுனதும் அய்யரு சொல்றாரு, காத்து அடிக்குது, அக்கினி நிக்கலை, அதை நிறுத்துங்கோன்னு. அந்தக் காத்து மெஷினைத்தான். நிறுத்திட்டேன். ஜன்னலைத் தொறக்கலாம்னு கோகிலா எந்திரிச்சா. சித்திரைப் புழுக்கம், சகலை பட்டுச்சட்டையில வந்து உக்காந்திருக்கறாரு, ஏ.சி. ஓடுது. "தொறந்தா ஏ.சி. எதுக்கு?"ன்னு உக்கார வெச்சுட்டேன்.

நல்ல ஹோமங்க. கொறை சொல்லவே முடியாது. அத்தனை சமித்து, அத்தனை மூலிகை, நெய்யி ரெண்டு கிலோ. சகலை அசந்துட்டாரு. ஜன்னலைத் தட்டித் தட்டிப் பாக்கறாரு. "ஏம் பூபதி, வெளிய லாரி போறதே கேக்கலையே"ங்கறாரு. பத்து வருசத்துல மொத தடவை அந்தாளு வாயில இருந்து ஒரு நல்ல வார்த்தை. எனக்கு அப்படியே மார்பு நெறைஞ்சு போச்சு. பூர்ணாகுதி வரப்போவுது. கோகிலா தட்டு கொண்டாற உள்ள போனா. சம்யு என்ற மடியில, கழுத்தைக் கட்டிப்புடிச்சுக்கிட்டு, தோள் மேல தாடையை வெச்சுப் பின்னாடி பாத்துக்கிட்டு இருக்கறா. மீட்டர் எனக்குப் பின்னாடிச் செவத்துல. துண்டைப் புடிச்சு இழுத்தா. "அப்பா, செவப்பு." மறுபடி இழுத்தா. "அப்பா, செவப்பு ஆயிருச்சு." சாமி முன்னாடி பேசப்படாது கண்ணு, சும்மா இருன்னேன். சும்மா இருந்துட்டா.

அதுக்கப்பறம் பால் காய்ச்சறதுக்கு எந்திரிச்சோம். அந்தக் கரண்ட்டு அடுப்பு இருக்குதே, சனியன். பால் பொங்கி வழிஞ்சதும் கீ கீன்னு கத்திப்போட்டு அதுவா அணைஞ்சு போச்சு. வந்தவியள்ல பாதிப் பேரு மூஞ்சி சுண்டிப்போச்சு. அப்பவே எனக்குச் சுருக்குனு இருந்துச்சு, இந்த வீட்டுல ஏதோ சரியில்லன்னு. திரும்பிப் பாக்கறேன், சம்யு செவத்துல சாஞ்சுக்கிட்டு நிக்கறா. ஒதடு நீலமாயிருக்குது. மூச்சு இழுக்கறா, வர மாட்டேங்குது. பேச முடியல அவளுக்கு. என்னைப் பாத்துக்கிட்டே நிக்கறா. நான் தூக்கிட்டு நாலு மாடி எறங்குனேன்ணா, லிப்டுக்குக் காத்திருக்கல. பட்டு வேட்டி தடுக்குது, அவ இழுக்கற மூச்சு என்ற காதுலயே கேக்குது. அந்தச் சத்தம் இருக்குதே, எதிரிக்கும் வரப்படாது.

ஆஸ்பத்திரியில டாக்டரு கேக்கறாரு, "புகை ஏதாவது?" நான் சொன்னேன், "புகையே கெடையாதுங்க டாக்டர். புகையே இல்லாத வீடு, அதுக்குத்தானே பதினாலு லட்சம் சாஸ்தி குடுத்து வாங்கியிருக்கறேன்." கோகிலா என்னை ஒரு பார்வை பாத்தா. அப்பறம் டாக்டரைப் பாத்து, "மூனு மணி நேரம் ஹோமம் நடந்துச்சு சார், மூடுன வீட்டுக்குள்ள"ன்னா. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! ஹோமப் புகையும் பட்டறைப் புகையும் ஒன்னா? ஹோமப் புகை மருந்துங்ணா. அய்யரே சொன்னாரு.

மூனு நாளு ஐ.சி.யூ. பொழைச்சு வந்தா, கடவுள் புண்ணியம். வீட்டுக்குப் போலாம்னு காரை எடுக்கறேன், கோகிலா பொள்ளாச்சிக்கு உடுங்கன்னுட்டா. அவங்கம்மா வூடு. ஒரு வாரத்துல வந்துருவான்னு நெனைச்சேன். முப்பத்தோரு நாளாச்சு. தீபம் ஏத்துன புது வீட்டைப் பூட்டிப் போடக்கூடாதுங்கறதால நான் மட்டும் அங்க போய்ப் படுத்துக்கறேன்.

சும்மா இருப்பனா? வீடு கட்டுனவங்க மேல புகார் எழுதுனேன். சுத்தமான காத்துன்னு சொல்லி ஏமாத்திட்டாங்க, குடி போன அன்னிக்கே புள்ளை உசுருக்குப் போராடுச்சுன்னு. அதுக்கு அந்த மெர்லின் ஒரு பேப்பர் அனுப்பியிருக்குது. அந்த மீட்டரு எல்லாத்தையும் பதிஞ்சு வெச்சுக்குமாம். காலையில அஞ்சு மணிக்குப் பச்சை, ஆறு மணிக்கு மஞ்சள், ஆறே காலுக்குச் செவப்பு, அப்பறம் பத்து மணி வரைக்கும் செவப்பே. இதைப் பெரிய சாட்சியாட்டம் அனுப்பியிருக்குது. நான் கேக்கறேன், ஹோமம் நடக்கற வீட்டுல செவப்பு காட்டுதுன்னா அந்த மீட்டர் கோளாறுன்னுதானே அர்த்தம்?

இதோ பாருங்க, அதைக் கழட்டிப் பையிலயே கொண்டாந்திருக்கறேன். பேட்டரியில ஓடும். கோகிலாகிட்டக் காட்டலாம்னுதான். ஒரு வாரமாப் பகல்ல எடுத்துட்டுப் போய் டெஸ்ட்டு பண்றேன். கடையில வெச்சேன், மஞ்சள். பட்டறை வாசல்ல வெச்சேன், செவப்பு. பத்தி ஒன்னு கொளுத்திப் பக்கத்துல வெச்சேன், மஞ்சளாயிருச்சு. ஒரு ஊதுபத்திக்கு! பஸ்ஸு உக்கடத்துல நிக்கறப்ப பாத்தேன், செவப்பு. இப்பப் பாருங்க, கெணத்துக்கடவு தாண்டி தென்னந்தோப்புக் காத்து வருதுல்ல, பச்சை. என்ன, சரியாத்தான காட்டுதுங்கறீங்களா? நீங்க வேற.

ஜோசியரைப் பாத்தேன். ஈசான்ய மூலையில தோசமிருக்குதுன்னாரு. வர்ற வெள்ளிக்கெழமை சுதர்சன ஹோமம் வெச்சிருக்கறேன், இன்னும் பெருசா. அதைச் சொன்னேன் போன்ல. அதுக்குக் கோகிலா சொல்றா, "அந்த வீட்டு மேல ஒரு தப்பும் இல்லீங்க. அது நல்ல வீடு. திங்கக்கெழமை ஸ்கூல் தொறக்கறாங்க, இங்கயே சேத்திடறேன்." நாளன்னிக்குங்க, திங்கக்கெழமை. சேத்திட்டா ஒரு வருசம். ஒரு வருசங்கறது அப்பறம் எத்தனை வருசமோ. அதனாலதான் கடையைப் பூட்டிப்போட்டு ஓடறேன். காரு ஓட்டத் தெம்பில்ல, பஸ்ஸே போதும்னு வந்துட்டேன்.

அவ கேக்கறது ஒரே கேள்விதாங்க. ஆஸ்பத்திரியிலயே கேட்டா, போன்லயும் அதையேதான் கேக்கறா. "செவப்புன்னு புள்ளை சொன்னாளாமே. உங்க காதுல விழுந்துச்சா இல்லையா? விழுந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நாளைக்கே அந்த வீட்டுக்கு வர்றேன்." எப்படிங்க விழும்? மேளம் அடிக்கறாங்க, அய்யரு மந்திரம் சொல்றாரு, எரநூறு பேரு பேசறாங்க. ஒரு சின்னப் புள்ளை சொல்றது எங்க காதுல விழும்? விழலைன்னுட்டேன். முப்பத்தோரு நாளா விழலைன்னுதான் சொல்லிட்டிருக்கறேன்.

என்னங்ணா? ஏன் அப்படிப் பாக்கறீங்க?

நானா? துண்டைப் புடிச்சு இழுத்தான்னு... ஆமா, சொன்னேன். ரெண்டு தடவை இழுத்தான்னு. சும்மா இரு கண்ணுன்னு... சொன்னேன். நானேதான் சொன்னேன் இப்ப.

கொஞ்ச நேரம் இருங்க. தண்ணி குடிச்சுக்கறேன்.

முன்னப்பின்ன தெரியாத ஆளுகிட்டச் சொல்லிப்போட்டேன் பாருங்க. கட்டுனவகிட்ட வாய் வரல. விழுந்துச்சுன்னு சொன்னா என்ன ஆகும்? நான் எந்திரிச்சு ஒரு ஜன்னலைத் தொறந்திருக்கலாம்னு ஆகும். சகலை பாத்துட்டிருந்தாரு, அதனால தொறக்கலைன்னு ஆகும். அதைச் சொல்லிப்போட்டு நான் எப்படிங்க அந்தப் புள்ளை மூஞ்சியில முழிக்கறது?

தெனமும் சாயங்காலம் சம்யு போன் பண்ணுவாளுங்க. எப்படி இருக்கறீங்கன்னு கேக்க மாட்டா. "இப்ப என்ன கலருப்பா?"ம்பா. பச்சை கண்ணும்பேன். நெசமாத்தான் பச்சை. ஒருத்தருமில்லாத வீடு, அடுப்பு கூடப் பத்த வெக்கறதில்ல, பச்சையாத்தான் இருக்கும். "அப்ப நான் வரலாமாப்பா?"ம்பா. அம்மாவைக் கேளு கண்ணும்பேன். அவ பொறந்த நாளுக்குக் கூட நான் இத்தனை செலவு பண்ணுனதில்ல, அந்த வீட்டுப் பால் காய்ச்சறதுக்குப் பண்ணிருக்கறேன். அவ அந்த வீட்டுல ஒரு நாளு கூடத் தூங்கல.

பஸ் ஸ்டாண்டு வந்துருச்சுங்களா? எறங்கறவங்க எறங்கட்டும், எனக்கு அவசரமில்ல. என்ன புகை விடறான் பாருங்க முன்னாடி நிக்கற வண்டி. போன் அடிக்குது. அவதான்.

அலோ, சம்யு... ஆமா கண்ணு, பொள்ளாச்சி வந்துட்டேன். பஸ்ஸுலதான் இருக்கறேன். மீட்டரா? கொண்டாந்திருக்கறேன், கையிலதான் வெச்சிருக்கறேன்.

செவப்பு கண்ணு.

ஆமா, செவப்புத்தான். பஸ்ஸுப் புகை... ஆமா கண்ணு, நீ அன்னிக்கும் சொன்னே. அப்பாவுக்குக் கேட்டுச்சு. ரெண்டு தடவையும் கேட்டுச்சு சாமி. கேட்டுச்சு. அழுவலடா, தூசி. போனை அம்மாகிட்டக் குடு.